வாழிடத் தர மாடல்ல த்ரெட் வெயிட்டை மாத்திப் பார்க்கிறது எப்படி: அடிக்கடி வர்ற கேள்விகள், நீலகிரியை வச்சு பதில்கள்

இன்வெஸ்ட் மென்பொருள்ல இருக்கிற ஹேபிடட் குவாலிட்டி மாடலை ஓட்டுற எம்எஸ்சி, பிஎச்டி பசங்ககிட்ட இருந்து எனக்கு வர்ற கேள்விகள்ல முக்கால்வாசி வெயிட்டைப் பத்தித்தான், அதாவது வாழிடத்துக்கு வர்ற ஒவ்வொரு அச்சுறுத்தலும் எவ்ளோ பெருசுன்னு நாம போடுற எண்ணைப் பத்தி. எந்த நம்பர் போடணும், போட்ட நம்பரை எப்படி நியாயப்படுத்துறது, கைடு "சென்சிடிவிட்டி அனாலிசிஸ் பண்ணியா"ன்னு கேட்டா என்ன காட்டுறது (போட்ட எண்ணை மாத்தினா முடிவு எவ்ளோ ஆடுதுன்னு பார்க்கிறதுதான் அது). தனித்தனியா பதில் சொல்லிச் சொல்லி ஒரே விஷயத்தைப் பத்து தடவை டைப் பண்ணிட்டேன், அதான் இங்க ஒண்ணா எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு நீலகிரியை எடுத்துக்கிறேன், ஏன்னா எனக்குப் பழகின மலை அது. உதாரணத்துல வர்ற வெயிட், தூரம் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்ட எண்கள், அதை அப்படியே எடுத்து உங்க தீசிஸ்ல போட்டுடாதீங்க ப்ளீஸ்.

இந்த மாடல் அடிப்படையில என்னதான் பண்ணுது?

ஸ்டான்ஃபோர்டுல இருக்கிற நேச்சுரல் கேபிடல் ப்ராஜெக்ட் உருவாக்கின இலவச மென்பொருள்தான் இன்வெஸ்ட். அதுல இந்த மாடல் கேக்கிறது ரொம்ப சிம்பிளான விஷயங்கள். ஒரு நிலப்பயன்பாட்டு மேப், அதுல ஒவ்வொரு வகைக்கும் 0ல இருந்து 1 வரை ஒரு வாழிட மதிப்பு (சோலைக்காடு 1, தார் ரோடு 0 அப்படின்னு), அப்புறம் ஒவ்வொரு அச்சுறுத்தலுக்கும், நாங்க எல்லாரும் த்ரெட்னுதான் சொல்லுவோம், ஒரு மேப். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு வெயிட், அதோட பாதிப்பு எவ்ளோ தூரம் போகும், தூரம் போகப் போக நேர்கோட்டுல குறையுமா இல்ல எக்ஸ்பொனென்ஷியலா (முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா) குறையுமா. கடைசியா சென்சிடிவிட்டி டேபிள்னு ஒண்ணு, எந்த வாழிடம் எந்த த்ரெட்டால எவ்ளோ பாதிக்கப்படும்னு.

இதையெல்லாம் பெருக்கிக் கூட்டி ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு சிதைவு மதிப்பு, அதாவது டீகிரடேஷன் வரும். அதை ஒரு வளைவுல போட்டு 0க்கும் 1க்கும் நடுவுல வாழிடத் தரம்னு ஒரு எண் தரும். இதுல யானை எத்தனை, வரையாடு எத்தனைன்னு எந்தக் கணக்கெடுப்பும் கிடையாது. எல்லாமே நாம உள்ள போட்ட மதிப்பீடுகள்ல இருந்து வர்றதுதான், அதனாலதான் வெயிட் மேல இவ்ளோ கவனம் வேணும்னு நான் கத்திட்டு இருக்கேன்.

வெயிட் எல்லாம் எங்க இருந்து வருது?

நேர்மையா சொல்லணும்னா பெரும்பாலும் மத்த பேப்பர்ல இருந்து எடுக்கிறாங்க. வேற நாட்டுல சமவெளில இருக்கிற ஒரு பெரு நகரத்துக்குப் போட்ட வெயிட்டை எடுத்து 2000 மீட்டர் உயரத்துல இருக்கிற புல்வெளிக்குப் போட்டா அது எப்படிப் பொருந்தும். அங்க "விவசாய நிலம்"னா நெல் வயல், இங்க தேயிலைத் தோட்டமும் கேரட் தோட்டமும், ரெண்டுக்கும் மருந்தடிக்கிற விதமே வேற.

இன்னொரு வழி நிபுணர்களைக் கேக்கிறது, ஜோடி ஜோடியா ஒப்பிட வச்சு ஏஎச்பி முறையில வெயிட் எடுக்கிறது. நல்ல முறைதான். ஆனா அதுல வர்ற கன்சிஸ்டன்சி ரேஷியோ 0.1க்குக் கீழ இருக்குன்னு காட்டிட்டு "அதனால என் வெயிட் சரி"ன்னு எழுதுறாங்க பாருங்க, அது தப்பு. அந்த எண் சொல்றது ஒரே விஷயம், அந்த ஆள் தனக்குத்தானே முரண்படாம பதில் சொல்லியிருக்கார்னு. முரணே இல்லாம முழுக்கத் தப்பாவும் ஒருத்தர் சொல்லலாமே.

நான் இப்ப பண்றது என்னன்னா, யாரைக் கேட்டாலும் ஒரு எண் கேக்கிறது இல்ல, மூணு எண் கேக்கிறேன்: குறைஞ்சது எவ்ளோ, அதிகபட்சம் எவ்ளோ, உங்க மனசுக்குப் படுறது எவ்ளோ. பேராசிரியரை மட்டும் இல்ல, வனத்துறை வாட்சரையும், எருமை மேய்க்கிற தோடர் பெரியவரையும் கேக்கணும், புல்வெளி எப்ப சுருங்க ஆரம்பிச்சுதுன்னு அவங்களுக்குத் தெரியுற அளவுக்கு சாட்டிலைட்டுக்குத் தெரியாது. அந்த மூணு எண்ணும் கையில இருந்தா சென்சிடிவிட்டி அனாலிசிஸ்ல பாதி வேலை முடிஞ்சுது.

எல்லா வெயிட்டையும் 20% ஏத்திப் பார்த்தேன், மேப் கொஞ்சம்கூட மாறல. அப்ப என் மாடல் ரொம்ப ஸ்டெடியா இருக்குன்னு எழுதலாமா?

எழுதாதீங்க! இந்தப் பக்கத்தை நான் எழுத ஆரம்பிச்சதே இந்தக் கேள்விக்காகத்தான். மாடல் உள்ள போனதும் முதல்ல பண்ற வேலை ஒவ்வொரு வெயிட்டையும் மொத்த வெயிட்டால வகுக்கிறது. நீங்க என்ன எண் போட்டாலும் அது பங்காத்தான் மாறும். ரோடு 0.8, ஊர் 1, தேயிலை 0.6, சீகை மரம் (வாட்டில்) 0.6ன்னு போட்டா மொத்தம் 3, பங்கு முறையே 0.267, 0.333, 0.2, 0.2. எல்லாத்தையும் 20% ஏத்தினா மொத்தமும் 20% ஏறும், பங்கு அப்படியே இருக்கும், மேப் மாற வாய்ப்பே இல்ல. பத்து மடங்கு ஏத்தினாலும் அதே மேப்தான் வரும். அது மாடலோட உறுதி இல்ல, வகுத்தல் கணக்கு.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நானே இதைப் பண்ணியிருக்கேன். முதல் தடவை ஒரு ரிப்போர்ட்ல எல்லாத்தையும் சேர்த்து ஏத்தி இறக்கிட்டு "முடிவுகள் வெயிட்டைச் சார்ந்து இல்ல"ன்னு ஒரு பாரா எழுதினேன். ரிப்போர்ட்டைப் படிச்ச ரெண்டு பேரும் கவனிக்கல, அது அப்படியே போயிடுச்சு. பல மாசம் கழிச்சு ஃபார்முலாவை பேப்பர்ல எழுதிப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அந்த மேப்பை வச்சு ஒருத்தர் எங்க வேலி போடணும்னு முடிவு பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

சரி, ஒண்ணை மட்டும் ஏத்தினா?

அப்ப மாறும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. மேல சொன்ன கணக்குல ரோட்டை மட்டும் 20% ஏத்தினா 0.8 வந்து 0.96 ஆகும், மொத்தம் 3.16. ரோட்டோட பங்கு 0.304, அதாவது ஏறினது சுமார் 14% தான். அதே நேரம் நீங்க தொடாத மத்த மூணோட பங்கும் சுமார் 5% இறங்கிடுச்சு. அதனால "ரோடு வெயிட்டை மாத்தினதால வந்த மாற்றம்"னு நீங்க காட்டுற மேப்ல ரோட்டுக்குப் பக்கத்துல தரம் குறைஞ்சிருக்கும், ரோடே இல்லாத தேயிலை ஓரத்துல தரம் கூடியிருக்கும். தேயிலை ஓரத்துல காடு திடீர்னு ஏன் நல்லாச்சுன்னு ஒரு பொண்ணு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சிட்டு இருந்தா, காரணம் இதுதான்.

அதனால ரிப்போர்ட்ல எழுதும்போது நீங்க போட்ட வெயிட்டையும் எழுதுங்க, வகுத்து வர்ற பங்கையும் பக்கத்துல எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு அது ஒண்ணு போதும், பாதி குழப்பம் போயிடும்.

வெயிட்டை நல்லா மாத்தியும் எல்லா பிக்சலும் 0.98, 0.97ன்னே வருது. என்ன பிரச்சனை?

இது வெயிட் பிரச்சனை இல்ல, ஹாஃப் சாச்சுரேஷன் கான்ஸ்டன்ட் பிரச்சனை, நாம "கே"ன்னு சொல்லுவோமே அது. டீகிரடேஷன் மதிப்பு சரியா கே அளவுக்கு வந்தா தரம் பாதியா விழும். அந்த வளைவோட அடுக்கு 2.5ன்னு மாடல்ல ஃபிக்ஸ் பண்ணியிருக்கு. கே நாம போடுறது. பழைய வெர்ஷன்ல டீஃபால்ட் 0.5, இப்ப 0.05.

இப்ப கணக்கைப் பாருங்க. உங்க மேப்ல அதிகபட்ச டீகிரடேஷனே 0.1னு வைங்க, கே 0.5ன்னு விட்டுட்டீங்க. மேப்லயே மோசமான பிக்சல் கூட கேல அஞ்சுல ஒரு பங்குதான். வளைவுல போட்டா தரம் 0.982. வெயிட்டை மாத்தி டீகிரடேஷனை 10% ஏத்தினா 0.978. யாரு கண்ணுக்குத் தெரியும் அது. அதே பிக்சல் கேக்கு சமமா இருந்திருந்தா தரம் 0.5ல இருந்து 0.44க்கு இறங்கியிருக்கும். கேயைப் போல மூணு மடங்கு இருக்கிற இடத்துல ஏற்கனவே தரம் 0.06, அது 0.05 ஆகும், அங்க இழக்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. ஆக வெயிட் மாற்றம் பளிச்னு தெரியறது நடுவுல இருக்கிற பிக்சல்கள்லதான், ரொம்ப நல்ல காட்டுலயும் தெரியாது ரொம்ப கெட்டுப்போன இடத்துலயும் தெரியாது.

மேனுவல் சொல்றபடி முதல்ல ஒரு தடவை ஓட்டி, அதிகபட்ச டீகிரடேஷனைப் பார்த்து, அதுல பாதியை கேயா போடுங்க. ஆனா ஒரு தடவைதான்! வெயிட்டை மாத்துற ஒவ்வொரு ரன்னுக்கும் புதுசா அதிகபட்சத்தைப் பார்த்து கேயை மாத்திட்டே போனீங்கன்னா, அளக்கிற ஸ்கேலையே ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சுருக்குறீங்க, வெயிட்டால வந்த மாற்றத்துல ஒரு பகுதியை அந்த ஸ்கேல் முழுங்கிடும். அடிப்படை ரன்ல வந்த கேயைப் பூட்டி வச்சிட்டு மத்ததை மாத்துங்க. கேயோட பாதிப்பும் தெரியணும்னா அதைத் தனி ஒரு பாராமீட்டரா (மாத்திப் பார்க்கிற எண்ணா) சேர்த்துக்கோங்க.

"கே மாறினா ரேங்க் மாறாது, பரவல்தான் மாறும்"னு சொல்லுவாங்க. ஒரே வாழிட வகைக்குள்ள அது முழுக்க சரி. ஆனா சோலைக்கு 1, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புக்கு 0.4ன்னு வேற வேற மதிப்பு இருந்தா, ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் நடுவுல ரேங்க் மாறலாம், ஏன்னா வளைவுல வர்ற மதிப்பு அந்த 1, 0.4ஆல பெருக்கப்படுது. இதைப் பலர் விட்டுடுறாங்க.

சென்சிடிவிட்டி டேபிளும் சென்சிடிவிட்டி அனாலிசிஸும் ஒண்ணுதானே?

இல்லங்க, பேர்தான் ஒண்ணு. டேபிள்ங்கிறது மாடலுக்கு நாம கொடுக்கிற உள்ளீடு: புல்வெளி சீகை மரத்துக்கு 0.9, ரோட்டுக்கு 0.5 அப்படின்னு. அனாலிசிஸ்ங்கிறது அந்த டேபிள், வெயிட், தூரம் எல்லாத்தையும் மாத்திப் பார்த்து முடிவு எவ்ளோ ஆடுதுன்னு பார்க்கிறது.

ஆனா ஒரு தொடர்பு இருக்கு, அது முக்கியம். ஃபார்முலால வெயிட்டோட பங்கும் டேபிள் மதிப்பும் பெருக்கலாத்தான் வருது. சீகைக்கு வெயிட் கூடுதலாப் போட்டாலும் சரி, எல்லா வாழிடத்துக்கும் சீகை டேபிள் மதிப்பைக் கூடுதலாப் போட்டாலும் சரி, ரெண்டும் ஒரே திசையில இழுக்கும். ஒரே வித்தியாசம், வெயிட் வகுக்கப்படும், டேபிள் மதிப்பு வகுக்கப்படாது, அதனால டேபிளை ஏத்தினா மத்த த்ரெட் குறையாது, மொத்த டீகிரடேஷன் ஏறும். ஒரே பயத்தை ரெண்டு இடத்துலயும் ஏத்திப் போட்டு டபுள் கவுண்ட் பண்றது ரொம்ப சாதாரணமா நடக்குது. வெயிட்னா இந்த மலைக்கே இந்த த்ரெட் எவ்ளோ பெருசு, டேபிள்னா இந்த வாழிடம் அதனால எவ்ளோ பாதிக்கப்படும். கேக்கும்போதே இந்த ரெண்டு கேள்வியையும் தனித்தனியா கேளுங்க.

ஒவ்வொரு வெயிட்டா மாத்தினா போதாதா? எல்லாத்தையும் சேர்த்து மாத்திப் பார்க்கிற மோரிஸ், சோபோல் முறை எல்லாம் எதுக்கு?

நாலு த்ரெட்தான், கேயும் தூரமும் நிச்சயமா தெரியும்னா ஒவ்வொண்ணா மாத்துறது ஒரு ஆரம்பமா ஓகே. ஆனா நிச்சயமா தெரியும்னு யாரால சொல்ல முடியும்? ரோடோட பாதிப்பு 1 கிலோமீட்டரா 3 கிலோமீட்டரான்னு தெரியாதப்ப, ரோடு வெயிட்டோட தாக்கமே அந்தத் தூரத்தைப் பொறுத்து மாறும். தூரம் கம்மியா வச்சா வெயிட் எவ்ளோ ஏத்தினாலும் ரோட்டோரம் நாலு பிக்சல்தான் ஆடும். இந்த மாதிரி ஒண்ணு இன்னொண்ணைச் சார்ந்து ஆடுறதை ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தா பிடிக்கவே முடியாது.

1991ல மோரிஸ் சொன்ன முறை செலவு கம்மி. எல்லா பாராமீட்டரும் மாறுற இடத்துல பல இடங்கள்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா நகர்ந்து பார்க்கும். நாலு வெயிட், நாலு தூரம், கே, ஆக 9 பாராமீட்டர், 20 பாதைன்னா 20 பெருக்கல் 10, வெறும் 200 ரன். எது முக்கியம், எதைத் தள்ளிடலாம்னு சொல்லிடும். சோபோல் முறை மொத்த ஆட்டத்துல யாருக்கு எத்தனை பங்குன்னு பிரிச்சுக் கொடுக்கும், ஆனா அதே 9 பாராமீட்டருக்கு 512 அடிப்படை சாம்பிள் எடுத்தா 5632 ரன். ரெண்டு ரெண்டா சேர்ந்து ஆடுறதும் வேணும்னா 10240. என் சிபாரிசு, முதல்ல மோரிஸ், அதுல தப்பிச்சு நிக்கிற நாலஞ்சுக்கு மட்டும் சோபோல். பைத்தான்ல சாலிப்னு ஒரு லைப்ரரி இருக்கு, ரெண்டுமே அதுல இருக்கு.

ஒரு எச்சரிக்கை: சோபோல் முறைக்கு உள்ளீடுகள் ஒண்ணை ஒண்ணு சாராம இருக்கணும். பங்குகளோட கூட்டல் 1, அதனால அவை சார்ந்தவை. வகுக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற வெயிட்டை சாம்பிள் பண்ணுங்க, வகுக்கிற வேலையை மாடல்கிட்ட விடுங்க.

எவ்ளோ ஏத்தி இறக்கணும்? எல்லாரும் 10%, 20%ன்னு போடுறாங்களே?

அந்த 20% எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இருக்காது. ஒரு நிபுணர் 0.4ங்கிறார், இன்னொருத்தர் 0.9ங்கிறார், அப்ப உங்க சந்தேகமே ரெண்டு மடங்குக்கு மேல, நீங்க 10% ஆட்டிப் பார்த்துட்டு ஸ்டெடின்னு சொன்னா அர்த்தமில்ல. மேல சொன்ன மூணு எண்கள் இருந்தா ஒரு முக்கோணப் பரவல் (ரெண்டு ஓரத்துலயும் வாய்ப்பு கம்மி, நடு எண்ணுல அதிகம்) போட்டுடலாம்.

எண்களே இல்ல, அடிப்படை வெயிட் மட்டும்தான் இருக்குன்னா டிரிஷ்லே பரவலைப் பயன்படுத்தலாம், அது பங்குகளுக்குன்னே இருக்கிற பரவல், கூட்டல் எப்பவும் 1 வரும். அடிப்படைப் பங்கை 50ஆல பெருக்கிப் போட்டா, 0.267 பங்கு இருக்கிற ரோடு சராசரியா 0.06 அளவுக்கு மேல கீழ ஆடும். 50க்குப் பதிலா 10 போட்டா இன்னும் அகலமா ஆடும். இதை மான்டி கார்லோவுக்கு (வெயிட்டைக் குருட்டாம்போக்குல எடுத்து ஆயிரக்கணக்குல ஓட்டிப் பார்க்கிறதுக்கு) மட்டும் வச்சுக்கோங்க, சோபோலுக்கு வேணாம், காரணம் மேலயே சொல்லிட்டேன்.

5000 தடவை எப்படிங்க ஓட்டுறது? என் லேப்டாப்ல ஒரு ரன்னுக்கே 20 நிமிஷம் ஆகுது.

5000 தடவை ஓட்டவே வேண்டாம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். டீகிரடேஷன்ங்கிறது ஒவ்வொரு த்ரெட்டோட தனி டீகிரடேஷனை அதோட பங்கால பெருக்கிக் கூட்டினது, அவ்ளோதான். ஒரே ஒரு த்ரெட்டை மட்டும் டேபிள்ல வச்சு மாடலை ஓட்டுங்க, வெயிட் என்ன போட்டாலும் பங்கு 1 ஆயிடும், வர்ற டீகிரடேஷன் மேப் அந்த த்ரெட்டோட சுத்தமான மேப். நாலு த்ரெட்டுக்கு நாலு ரன். அந்த நாலு ராஸ்டரையும் (பிக்சல் பிக்சலா எண் இருக்கிற மேப்) பைத்தானோட நம்பை லைப்ரரில ஏத்திட்டா, அப்புறம் வெயிட்டை மாத்துறதுன்னா நாலு அணியைப் பெருக்கிக் கூட்டி வளைவுல போடுறது, சில நொடி வேலை. ஒரு தடவை அடிப்படை வெயிட்டைப் போட்டு மென்பொருள் கொடுக்கிற மேப்போட சரிபாருங்க, ஒத்துப் போச்சுன்னா ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கலாம்.

தூரத்தை மாத்தினா மட்டும் திரும்ப மாடலை ஓட்டணும். அதுக்கும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு அஞ்சு தூரம்னு முன்னாடியே ஓட்டி வச்சுக்கிட்டா மொத்தம் 20 ரன்தான்.

மாற்றத்தை எதை வச்சு அளக்கிறது? சராசரித் தரம் 0.71ல இருந்து 0.70 ஆச்சு, அவ்ளோதான்.

சராசரியை வச்சு அளக்கவே கூடாது. மலை முழுக்க எடுத்தா எந்த த்ரெட்டோட தூரத்துக்குள்ளயும் வராத பிக்சல் ஏராளம், அதெல்லாம் வெயிட் என்ன ஆனாலும் அசையாது, அதையும் சேர்த்து சராசரி எடுத்தா எல்லா ஆட்டமும் கரைஞ்சு போயிடும். போதாததுக்கு ஒரு பக்கம் ஏறுறதும் இன்னொரு பக்கம் இறங்குறதும் கழிஞ்சிடும்.

மேப்பை எதுக்குப் போடுறோம்னு யோசிங்க. எந்த இடத்தை முதல்ல காப்பாத்தணும்னு வரிசை போடத்தானே. அப்ப வரிசை மாறுதான்னு பாருங்க. நாலு எண்ணை வச்சே காட்டுறேன். ஒரு துண்டு நிலம் ரோட்டோரம், ரோடோட தாக்கம் அங்க 0.6, வேற எதுவும் இல்ல. இன்னொரு துண்டு சீகை மரத்துக்குப் பக்கத்துல, சீகையோட தாக்கம் 0.7. அடிப்படைப் பங்குல போட்டா முதல் துண்டுக்கு 0.267 பெருக்கல் 0.6, அதாவது 0.16, ரெண்டாவதுக்கு 0.2 பெருக்கல் 0.7, 0.14. ரோட்டோரம்தான் மோசம். இப்ப சீகையோட வெயிட்டை 0.6ல இருந்து 0.8 ஆக்குங்க. மொத்தம் 3.2, ரோடும் சீகையும் ஆளுக்கு 0.25. முதல் துண்டு 0.15, ரெண்டாவது 0.175. வரிசை தலைகீழ். ஒரு நிபுணருக்கும் இன்னொரு நிபுணருக்கும் 0.2 வித்தியாசம் சர்வ சாதாரணம், அந்த வித்தியாசத்துல பணம் எந்தத் துண்டுக்குப் போகும்ங்கிறதே மாறுது.

அதனால நான் மூணு விஷயம் பார்ப்பேன். ஸ்பியர்மேன் ரேங்க் கோரிலேஷன், ரெண்டு வரிசை எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு சொல்ற ஒரு மேலோட்டமான எண். அப்புறம் ஆயிரம் ரன்ல ஒவ்வொரு பிக்சலும் எத்தனை ரன்ல தர வரிசையில மேல் 20%க்குள்ள வந்துச்சுன்னு ஒரு மேப். 95% ரன்ல வந்திருந்தா தைரியமா சொல்லலாம், 40%, 60%ன்னு தொங்குற பிக்சல்கள்தான் வெயிட் முடிவு பண்ற இடங்கள், அங்கதான் ஆளை அனுப்பி நேர்ல பார்க்கணும். மூணாவது, அந்தத் தொங்குற பிக்சல்களை ஆட்டுறது எந்த வெயிட்னு அந்தப் பகுதிக்கு மட்டும் தனியா ஒரு மோரிஸ்.

நீலகிரில எந்த வெயிட் ரொம்ப ஆட்டும்?

நம்பர் சொல்ல மாட்டேன், அது உங்க எல்லை எது, எந்த மேப்னு பொறுத்தது. ஆனா எதை எதிர்பார்க்கலாம்னு சொல்றேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் பார்த்தீங்கன்னா ஊர், ரோடு, தேயிலை மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ரோட்டோட வெயிட்டைக் குறைச்சு ஊரோட வெயிட்டை ஏத்தினாலும் அதே பிக்சல்கள்தான் அடி வாங்கும், மேப் பெருசா மாறாது. அதைப் பார்த்துட்டு "ரோடு முக்கியமில்ல"ன்னு எழுதிடக் கூடாது, ரோடும் ஊரும் ஒரே இடத்துல இருக்கிறதால ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு நிக்குதுன்னுதான் அர்த்தம்.

சீகை மரம் கதை வேற. டேனின் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்டது, மேல் பீடபூமில புல்வெளி மேல தானா பரவி நிக்குது. ரோடும் ஊரும் குறைவா இருக்கிற மேற்குப் பக்கம், 78 சதுர கிலோமீட்டர் முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிற பக்கம் வரைக்கும் அது பிரச்சனை. மத்த த்ரெட் எதுவும் தொடாத இடத்தைத் தொடுற த்ரெட் இது, அதோட வெயிட்டை ஆட்டினா ஈடு கட்ட வேற த்ரெட் அங்க கிடையாது, அதனால வரிசை ஆடும். பொதுவா சொல்றதுன்னா, த்ரெட்டோட மேப் மத்த மேப்போட ஒட்டாம தனியா நிக்குதுன்னா அதோட வெயிட் மேல ரெண்டு மடங்கு கவனம் வைங்க. மாடல் ஓட்டுறதுக்கு முன்னாடியே த்ரெட் மேப்புகளுக்கு நடுவுல கோரிலேஷன் பார்த்துட்டா இது தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, வரையாடு வாழுற அந்தப் புல்வெளியைப் பல நிலப்பயன்பாட்டு மேப்ல "தரிசு"ன்னு போட்டு வாழிட மதிப்பு 0.2 கொடுத்திருப்பாங்க. அது நடந்துட்டா வெயிட்டை என்ன ஆட்டியும் பிரயோஜனமில்ல, முதல்ல அதைத் திருத்துங்க. புல்வெளியைத் தரிசுன்னு எழுதி எழுதித்தான் அதுல மரம் நட்டோம், அதே தப்பை இப்ப ராஸ்டர்லயும் பண்ணக் கூடாது.

பந்திப்பூர் ரோட்ல ராத்திரி வண்டி போகக் கூடாதுன்னு தடை இருக்கே, அதுக்காக ரோடு வெயிட்டைக் குறைக்கலாமா?

2009ல இருந்து ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரை பந்திப்பூர் வழியா பொதுவா வண்டிகளுக்குத் தடை, உங்க ஆய்வுப் பகுதி முதுமலையோட சேர்த்து அந்தப் பக்கமும் போகுதுன்னா நல்ல கேள்வி. ஆனா வெயிட்டைத் தொடாதீங்க. வெயிட் மலை முழுக்க ஒண்ணுதான், அதைக் குறைச்சா தடையே இல்லாத ரோடுகளும் சேர்ந்து குறையும். த்ரெட் ராஸ்டர்ல 0ல இருந்து 1 வரை தீவிரம் போடலாமே, தடை இருக்கிற ரோட்டுத் துண்டுக்கு 1க்குப் பதிலா 0.6 போடுங்க, அந்த 0.6ஐயும் ஒரு பாராமீட்டரா ஆட்டுங்க. இடத்துக்கு இடம் மாறுறது எதுவா இருந்தாலும் அது ராஸ்டருக்குள்ள போகணும்.

மேப்லயே இல்லாத த்ரெட்டுக்கு என்ன பண்றது?

வெயிட் அனாலிசிஸ் அதைக் காட்டாது, இது பெரிய ஓட்டை. சீகூர் பீடபூமில, மசினகுடி பக்கம், யானை வழித்தடம் பத்தின 2010 அறிவிக்கை செல்லும்னு 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, வழக்கோட மையமே அங்க இருந்த ரிசார்ட்டுகளும் வேலிகளும்தான். 30 மீட்டர் பிக்சல்ல ஒரு மின்வேலி தெரியுமா? தெரியாது. கட்டடம்கூட மரத்துக்கு அடியில இருந்தா தெரியாது. "ஊர்" வெயிட்டை 0.1ல இருந்து 1 வரை ஆட்டினாலும் அந்த வேலி மேப்ல வராது, ஏன்னா ராஸ்டர்ல அங்க 0. நடந்து போய் ஜிபிஎஸ்ல குறிச்சு ஒரு தனி த்ரெட்டா போடுறதுதான் வழி.

உண்ணிச்செடி (லண்டானா) இன்னொரு சிக்கல். அதை த்ரெட்டா போடுறதா, நிலப்பயன்பாட்டு வகையா போடுறதா? முதுமலை பக்கம் அது காட்டுக்குள்ளயே தரையெல்லாம் படர்ந்து கிடக்கு, மேல மரம் இருக்கு. நான் ரெண்டு விதமாவும் ஓட்டி ரெண்டு முடிவையும் காட்டுவேன், அதுவும் ஒரு சென்சிடிவிட்டி அனாலிசிஸ்தான், எண்ணை ஆட்டுறது மட்டும் இல்ல.

ரேங்க் எல்லாம் ஸ்டெடியா வந்துடுச்சு. அப்ப மேப் சரிதானே?

சரின்னு அர்த்தமில்ல. உங்க வெயிட் சந்தேகத்தால மேப் கெடலைன்னு மட்டும்தான் அர்த்தம். மாடலே த்ரெட்டுகளைக் கூட்டுது, ஆனா ரோடும் உண்ணிச்செடியும் சேர்ந்தா தனித்தனி பாதிப்பைக் கூட்டினதைவிட மோசமாகலாம், அதை இந்தக் கூட்டல் பிடிக்காது. சரியான்னு பார்க்க வெளியில இருந்து தரவு வேணும், பறவைக் கணக்கெடுப்போ, கேமரா ட்ராப்போ, புல்வெளிச் செடிகளோட கணக்கோ. ஒரு ஜீவனை வச்சு ஒத்துப் பார்க்கும்போது அது எந்த வாழிடத்துக்குச் சொந்தமோ அந்த வகைக்குள்ள மட்டும் பாருங்க. வரையாட்டை வச்சு சோலைக்காட்டோட தரத்தைச் சோதிக்க முடியாது.

கடைசியா, ரிப்போர்ட்ல குறைஞ்சபட்சம் என்ன எழுதணும்?

வெயிட்டும் பங்கும், ஒவ்வொரு வெயிட்டோட கீழ் மேல் எல்லையும் அது யார் சொன்னதுன்னும், கே எவ்ளோ, அதை எந்த ரன்ல இருந்து எடுத்துப் பூட்டினீங்கன்னும், எத்தனை ரன்னும். அப்புறம் வாழிடத் தர மேப்புக்குப் பக்கத்துலயே, அதே சைஸ்ல, அந்த எத்தனை ரன்ல மேல் 20%க்குள்ள வந்துச்சுங்கிற மேப். பின்னிணைப்புல ஒளிச்சு வைக்காதீங்க, ரேஞ்ச் ஆபீஸ்ல எடுத்து விரிக்கிறது முதல் மேப்பைத்தான், பின்னிணைப்பை யாரும் பிரிண்ட் எடுக்கிறது இல்ல. தொங்குற பிக்சல்களை வேற கலர்ல போட்டு, "இங்க நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னு மேப்லயே தமிழ்ல எழுதிடுங்க.